காத்து பிரிஞ்சுதா?

குடலில் அறுவை முடிந்து படுத்திருப்பவரிடம் காலை ரவுண்ட்ஸ் வரும் டாக்டர் தவறாமல் கேட்கும் கேள்வி இது. வேலூரானாலும் ஆம்பூரானாலும் சர்ஜரி வார்டில் நாலு நாள் துணைக்கு இருந்தவர்களுக்கு இது மனப்பாடம். "இன்னும் இல்ல டாக்டர்" என்று பதில் வந்தால் கட்டிலில் மாட்டிய என்.பி.ஓ. அட்டை இன்னொரு நாளும் அங்கேயே இருக்கும். வாய்வழியாக எதுவும் கூடாது, தண்ணீர்கூட. பக்கத்துக் கட்டிலில் இட்லிப் பொட்டலம் பிரியும் வாசனையில் இவர் ட்ரிப்ஸ் சொட்டுவதையே பார்த்துக்கொண்டிருப்பார்.

இந்தப் பட்டினிக்குக் காரணம் பயம். வெட்டி இணைத்த இடம் விட்டுப்போய், குடலில் இருப்பது வயிற்றுக்குள் கசிந்தால் உயிருக்கே ஆபத்து. அதனால் தையல் ஆறும்வரை குடலுக்கு ஓய்வு கொடுப்போம் என்றார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தத் தையலைத் தாங்கிப் பிடிப்பது எது?

பாதி விடை பாலாற்றங்கரை டேனரிகளில் இருக்கிறது. ஆட்டுத்தோலைச் சுண்ணாம்பில் ஊறவைத்து முடியையும் மேல்தோலையும் எடுக்கிறார்கள். உட்பக்கம் ஒட்டியிருக்கும் சதையையும் கொழுப்பையும் சீவுகிறார்கள். மிஞ்சுவது வெளுத்து, வழுவழுவென்று, இழுத்தால் எளிதில் கிழியாத ஒரு விரிப்பு. அது கொலாஜன் என்ற புரத நார்களின் பின்னல். ஆவாரம்பட்டைச் சாறும் குரோம் உப்பும் போய்ப் பிடித்துக்கொள்வது இந்த நாரைத்தான். அதன் உள்ளமைப்பை உலகுக்குச் சொன்னதும் நம் ஊர்தான். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954-55இல் அது மூன்று இழை சேர்ந்த முறுக்கு என்று காட்டினார்கள். பக்கத்திலேயே இருந்த மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து முதலில் கிடைத்தது சுறாத் துடுப்பு நார். அமைப்பைக் காண அதை எடுத்த எக்ஸ்ரே படம் தெளிவாக விழவில்லை. கடைசியில் கைகொடுத்தது கங்காரு வாலின் தசைநாண்!

குடலிலும் இதே நார்தான். 1887இல் அமெரிக்க அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட், நாய்களின் குடலைத் தைத்துப் பார்த்து ஒன்றைக் கண்டார். குடல் சுவரில் சளிச்சவ்வுக்கு அடுத்தாற்போல் இருக்கும் மெல்லிய அடுக்கை ஊசி பிடித்தால்தான் தையல் நிற்கும். அந்த அடுக்கின் பலம் கொலாஜன். செம்மறியாட்டுக் குடலின் அதே அடுக்கை உரித்து முறுக்கித்தான் 'கேட்கட்' தையல் நூலையும் செய்தார்கள்.

இனிதான் விஷயம். தைத்த முதல் சில நாட்களில், வெட்டு விளிம்பிலுள்ள பழைய கொலாஜன் கரையும் வேகத்துக்குப் புதியது சேர்வதில்லை. மூன்றாம், நான்காம் நாள் வாக்கில் இணைப்பு இருப்பதிலேயே பலவீனமாக இருக்கும். அதுவரை நூலோ ஸ்டேப்பிள் பின்னோதான் தாங்குகிறது. பிறகுதான் புது நார் ஊன்றத் தொடங்கும். ஆக, காற்று பிரியட்டும் என்று பட்டினி போட்டு நான்காம் நாள் சோறு கொடுத்த பழைய முறை, தையல் பலமான பிறகு கொடுக்கவில்லை. அது மிகவும் தளர்ந்திருந்த நேரம் பார்த்துக் கொடுத்தது. புது நார் கட்டப் புரதம் வேண்டும், வைட்டமின் சி வேண்டும். பட்டினியில் அவை எங்கிருந்து வரும்?

குடல் காலியாக ஓய்வெடுக்கிறது என்பதும் பாதிதான் உண்மை. உமிழ்நீர், இரைப்பைச் சாறு, பித்தம், கணையநீர், குடல்நீர் என்று சாதாரணமாக ஒரு நாளைக்குச் சுமார் 7 லிட்டர் உள்ளே ஊறுகிறது. பட்டினியில் அது குறையும், நிற்காது. அதன் முன்னால் இரண்டு மடக்குக் கஞ்சித்தண்ணீர் எம்மாத்திரம்?

சரி, காற்று? குடலைக் கையாண்டதாலும் வலிமருந்துகளாலும் அறுவைக்குப் பின் அதன் அசைவு படுத்துவிடும். சிறுகுடல் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் விழித்துக்கொள்ளும், இரைப்பை ஒன்றிரண்டு நாளில். பெருங்குடலுக்கு இரண்டு மூன்று நாள் ஆகும். காற்று பிரிவது பெருங்குடல் அனுப்பும் செய்தி. அதற்காகக் காத்திருப்பது, வீட்டில் கடைசியாக எழுந்திருப்பவர் எழுந்த பிறகுதான் அடுப்பு பற்றவைப்பேன் என்பது போல.

1990களில் டென்மார்க்கின் அறுவை மருத்துவர் ஹென்ரிக் கெலெட் இந்தப் பழக்கங்களை ஒவ்வொன்றாகக் கேள்வி கேட்டார். 2001இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 11 ஆய்வுகளை, 837 நோயாளிகளைச் சேர்த்துப் பார்த்த கட்டுரை வந்தது. பட்டினி போட்டதால் ஆதாயம் ஏதும் தெரியவில்லை. சீக்கிரம் உணவு பெற்றவர்களுக்குத் தொற்று குறைவு. வாந்தி மட்டும் கொஞ்சம் கூடுதல், அதையும் மறைக்கக் கூடாது. முன்கூட்டித் திட்டமிட்டுச் செய்யும் குடல் அறுவைகளுக்கு இன்றைய வழிகாட்டுதல், நன்றாக மயக்கம் தெளிந்ததும் நீராகாரம், தாங்கினால் 24 மணி நேரத்துக்குள் உணவு. 2012இல் ஜெர்மனியில் ஒரு ஆய்வு, தண்ணீர் குடித்தவர்களைவிடக் காபி குடித்தவர்களுக்குப் பெருங்குடல் முந்தி வேலை செய்தது என்றது. நம்மவர்களுக்கு இதைச் சொல்ல ஆய்வு தேவையில்லை.

ஆனால் இது எல்லோருக்கும் பொருந்தாது. குடல் ஓட்டையாகி அவசரமாக ஆபரேஷன் ஆனவர், ரத்த அழுத்தம் நிலைக்காதவர், வயிறு உப்பியவர், மூக்குக் குழாயில் பச்சையாகப் பித்தம் வந்துகொண்டிருப்பவர், கசிவு சந்தேகம் உள்ளவர் ஆகியோருக்கு டாக்டர் சொல்லும் பட்டினிக்குக் காரணம் உண்டு. பார்க்க வரும் உறவினர் பையில் ஆம்பூர் பிரியாணி கொண்டுவந்தால் அதைத் துணைக்கு இருப்பவர் சாப்பிடட்டும். நோயாளிக்கு மோர், குழைந்த சோறு, இட்லி, அவித்த முட்டை என்று டாக்டர் சொல்லும் வரிசையில் போகட்டும்.

ஆபரேஷனுக்கு முந்தின நாளே, "எப்போதிலிருந்து குடிக்கலாம், எப்போது சாப்பிடலாம்?" என்று சர்ஜனிடம் கேட்டு வையுங்கள். சாப்பிடத் தொடங்கிய பின் வாந்தி, வயிறு உப்பல், காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வலி, இதில் எது வந்தாலும் அடுத்த ரவுண்ட்ஸ் வரை பொறுக்காமல் உடனே சிஸ்டரிடம் சொல்லுங்கள்.