தொழிற்கூடத்தின் அடையாள எண்

சென்னையிலிருந்து கொல்கத்தா செல்லும் நெடுஞ்சாலையில், ஆந்திர எல்லைக்குச் சற்று முன்னே அமைந்துள்ளது கும்மிடிப்பூண்டி. திருவள்ளூர் மாவட்டத்தில் சிப்காட் தொழிற்பேட்டையால் பெயர் பெற்ற ஊர் அது. அப்பெயரை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் ஒருவர் 'ஜி' என்று தொடங்குவார். மற்றொருவர் 'கே' என்பார். 'பூ' என்பதற்கு இரண்டு 'ஓ' இடுவோரும் உண்டு. ஒரே 'யூ'வோடு நிற்போரும் உண்டு. ஊர்ப்பெயருக்கே இக்கதி என்றால், முருகன் பெயராலும் இலக்குமி பெயராலும் விளங்கும் பட்டறைகளின் நிலையைச் சொல்ல வேண்டுமா? கணிப்பொறிக்கோ ஓரெழுத்து மாறினாலும் அது வேறு நிறுவனமே. வகுப்பில் மூன்று சுப்பிரமணியன்கள் இருந்தால் நாங்கள் வரிசை எண்ணைச் சொல்லி அழைப்போம். வணிக உலகமும் அவ்வழியையே நாடிற்று.

2017 ஜூலை முதல் நாள் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தது. அதில் பதிவு பெறும் வணிகருக்கு 15 குறிகள் கொண்ட அடையாள எண் அளிக்கப்படுகிறது. முதல் இரண்டும் மாநிலத்தைக் காட்டும். தமிழ்நாட்டுக்கு 33, ஆந்திரத்துக்கு 37. கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்கூடமும் எல்லை கடந்து தடாவில் மற்றொன்றும் உடையவர் ஒரே முதலாளி ஆயினும், அவருக்கு எண்கள் இரண்டு. அடுத்த 10 குறிகள் வருமான வரித்துறையின் நிரந்தரக் கணக்கு எண். அவை ஈரிடத்தும் மாறா. 13 ஆவது, அம்மாநிலத்தில் அவர் பெற்ற பதிவுகளின் வரிசை. 14 ஆவது வழக்கமாக 'இஸட்'. 15 ஆவதே சுவை மிக்கது. அது சரிபார்ப்புக் குறி.

அதனைக் காணும் முறை கேளுங்கள். இலக்கங்களுக்கு அவற்றின் மதிப்பு; 'ஏ' முதல் 'இஸட்' வரை 10 முதல் 35. இடமிருந்து ஒன்றுவிட்டு ஒன்றாக 1ஆலும் 2ஆலும் பெருக்குக. பெருக்குத்தொகையை 36ஆல் வகுத்து, ஈவையும் மீதியையும் கூட்டுக. 14 ஆம் இடத்து 'இஸட்' 70 ஆகும். ஈவு 1, மீதி 34, கூட்ட 35. இவ்வாறு வந்த 14 விடைகளின் மொத்தத்தை 36இன் மடங்காக்க எவ்வளவு வேண்டுமோ அதுவே கடைசிக் குறி. ஒரு குறி பிழையானால் கணக்கு உடனே காட்டிக்கொடுக்கும். அடுத்தடுத்த இரண்டு இடம் மாறினாலும் காட்டும். பூச்சியமும் 'இஸட்'டும் மாறினால் மட்டும் தப்பிவிடும்.

என்னிடம் பயின்ற ஒருவர் அப்பேட்டையருகே கடைசல் பட்டறை நடத்துகிறார். இரும்பு விற்றவர் இரசீதில் இவருடைய எண்ணின் இரு குறிகளை இடம் மாற்றிப் பொறித்துவிட்டார். வரித்துறைத் தளம் அதனை ஏற்கவில்லை. விற்றவரோ பதிவு பெறாதவருக்கு விற்றதாகக் கணக்குக் காட்டிவிட்டார். விலையோடு செலுத்திய வரி இவர் கணக்கில் வரவாக வரவில்லை. அம்மாதக் கூலிக்குக் கடன் வாங்க நேர்ந்தது.

இக்கணக்கை நொடியில் போட்டுப்பார்க்கக் கருவிகள் உள. பைத்தான் மொழியில் அமைந்த 'எஸ்டிடிநம்' என்னும் தொகுப்பு, நம் நாட்டு எண்களோடு பல நாடுகளின் வரி எண்களையும் சோதிக்கும். 'ஓப்பன்ரிஃபைன்' என்பது பெயர்களுக்கானது. நிறுத்தக்குறிகளை நீக்கிச் சொற்களை அகரவரிசைப்படுத்தி, ஒன்றுபோல் வருவனவற்றை ஓரிடத்தில் சேர்த்துக் காட்டும்; ஒன்றா வேறா என்று முடிவு செய்வது நம் பொறுப்பு. அது நம் கணிப்பொறியிலேயே இயங்குவதால் வாடிக்கையாளர் பட்டியல் வெளியே போவதில்லை. இரண்டும் திறமூல மென்பொருள்கள். விலை இல்லை, செய்முறையும் மறைவில்லை. வழியை எழுதாமல் விடையை மட்டும் எழுதியவனுக்கு நான் முழு மதிப்பெண் இட்டதில்லை. ஆதலின் இவற்றின்பால் எனக்குத் தனி மதிப்பு.

ஆயினும், கணக்குப் பொருந்துமாறு பொய்யெண்ணையும் புனையலாம். மெய்யெண்ணின் பதிவும் நீக்கப்பட்டிருக்கலாம். எண் யாருக்குரியது, பதிவு நடப்பில் உள்ளதா என்பவற்றை அரசின் வரித்தளத்தில் எவரும் கட்டணமின்றித் தேடிக் காணலாம். என் மாணவர் இப்பொழுது லாரி புறப்படுமுன்னரே இரசீதின் படத்தை வரவழைத்து, விற்பவர் எண், தம் எண் ஆகிய இரண்டையும் கணக்கிலும் தளத்திலும் ஒத்துப் பார்க்கிறார்.