மாங்கொட்டையில் இருந்து என்ன முளைக்கிறது?

பங்கனப்பள்ளி சாப்பிட்டுவிட்டுக் கொட்டையை ஊன்றினால் பங்கனப்பள்ளி வருமா? பிள்ளைப்பாக்கம் பக்கம் வாடகைக்கு இருக்கிற நண்பர்கள் ஒவ்வொரு சீசனிலும் கேட்கிற கேள்வி. கம்பெனி மாறினா வீடும் மாறும் என்கிற ஊரில் இது சும்மா கேட்கிற கேள்வி இல்லை. சுருக்கமாச் சொன்னா: மாமரம் வரும், பங்கனப்பள்ளி வராது.

காரணம் கொட்டைக்குள் இருக்கிறது. பங்கனப்பள்ளி, நீலம், மல்கோவா, அல்போன்சா எல்லாமே விதைக்கு ஒரே கரு உள்ள ரகங்கள். அந்தக் கரு மகரந்தச் சேர்க்கையில் உண்டானது. தாய் யாரென்று நமக்குத் தெரியும். தகப்பன் எந்த மரம் என்பது பூவில் உட்கார்ந்த ஈக்குத்தான் தெரியும். (மாம்பூவில் இந்த வேலையைப் பெரும்பாலும் ஈக்கள்தான் செய்கின்றன.) ஆகவே முளைப்பது பிள்ளை, நகல் அல்ல.

ஒலூர், வெள்ளைக் கொழும்பான் போன்ற மேற்குக்கரை ரகங்கள் வேறு மாதிரி. ஒரே கொட்டையில் இரண்டு மூன்று முளை கிளம்பும். அவற்றில் பெரும்பாலானவை கருவைச் சுற்றியுள்ள தாயின் திசுவிலிருந்தே வருபவை. அச்சு அசல் தாய். எலுமிச்சையும் இந்தக் கூட்டம்தான். ஆரஞ்சு விதைக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட கரு இருப்பதை லீவன்ஹூக் 1719-லேயே பார்த்துவிட்டார். எலுமிச்சையைத் தைரியமா விதை போட்டு வளர்க்கலாம்.

விதைக்கன்று எப்போதும் மோசம் என்று அர்த்தமில்லை. 1889-ல் இந்தியாவிலிருந்து அமெரிக்காவின் ஃப்ளோரிடாவுக்கு ஒரு மாமரம் போனது. நம்ம மல்கோவா என்ற பெயர் அங்கே ‘முல்கோபா’ ஆகிவிட்டது. அதன் கொட்டைகளை 1902-ல் ஹேடன் என்ற ஓய்வுபெற்ற ராணுவ கேப்டன் ஊன்றினார். அடுத்த வருஷமே இறந்துபோனார். மனைவி ஃப்ளாரன்ஸ் கன்றுகளைக் காப்பாற்றினார். 1910-ல் ஒரு மரத்தில் சிவந்த தோலோடு, தாயைப் போலவே இல்லாத பழம் வந்தது. அதுதான் ‘ஹேடன்’ ரகம். இன்று ஏற்றுமதியாகும் பல சிவப்பு மாம்பழங்களுக்கு மூதாதை. ஆனால் எட்டு வருஷம் ஆனது, ஊன்றியவர் சாப்பிடவும் இல்லை.

வாடகை வீட்டுக்காரர் என்ன செய்யலாம்? கொட்டையை ஊன்றுங்கள், ஆனால் அதை வேருக்காக மட்டும் வளருங்கள். மாம்பருப்பு காய்ந்தால் செத்துப்போகும். சில வாரங்களுக்கு மேல் தாங்காது. பழம் சாப்பிட்ட சில நாட்களுக்குள் ஓட்டின் ஓரத்தை வெட்டி, பருப்பை எடுத்து, வளைந்த முதுகு மேலே இருக்கும்படி ஊன்ற வேண்டும். இரண்டு மூன்று வாரத்தில் முளைக்கும். தண்டு பென்சில் கனம் வந்ததும், காய்க்கிற மரத்தின் நுனிக்குச்சியை ஆப்பு மாதிரி சீவிச் சொருகி, பாலித்தீன் நாடாவால் இறுக்கிக் கட்டலாம். குச்சிக்கு ஏற்கெனவே பூக்கிற வயது வந்துவிட்டதால் மூன்று நான்கு வருஷத்தில் காய்க்கும். இடம் கம்மியென்றால் ஆம்ரபாலி குச்சி நல்லது. தசேரியையும் நீலத்தையும் சேர்த்து உருவாக்கிய குள்ள ரகம். பெரிய டிரம்மில் நிற்கும், வீடு மாறும்போது டெம்போவில் ஏறும்.

அதுவரைக்கும் பொறுமையில்லை என்றால் பப்பாளி. விதையைச் சுற்றியுள்ள வழவழப்பைச் சாம்பலில் தேய்த்துக் கழுவிவிட்டுப் போடுங்கள். ஒரு வருஷத்துக்குள் பழம். பல நாட்டு ரகங்களில் ஆண் மரம் தனி, பெண் மரம் தனி, பூக்கும்வரை தெரியாது. ஒரு குழியில் மூன்று நான்கு கன்று வைத்து, பூத்தபிறகு ஒரு ஆணை மட்டும் விட்டுவிட்டு மற்ற ஆண்களை வெட்டிவிடுங்கள்.