தெற்கத்தித் தண்ணீர் – 9: சராசரிக்குள் அடங்காத ஊர்

2023 டிசம்பர் 18, காலை எட்டரை மணிக்கு எடுத்த மழையளவு இது: காயல்பட்டினம் 95 செ.மீ., திருச்செந்தூர் 69, சாத்தான்குளம் 47. அத்தனையும் 24 மணி நேர மழை. தூத்துக்குடி மாவட்டத்துக்கு வருஷம் முழுக்கச் சேர்த்தே சராசரியாக 66 செ.மீ. அளவில்தான் கிடைக்கும். கிட்டத்தட்ட முக்கால் வருஷ மழை ஒரே நாளில் இறங்கிவிட்ட சாத்தான்குளத்தை எந்தப் பற்றாக்குறைப் பட்டியலில் சேர்ப்பது?

வானிலை ஆய்வுத் துறைக்கு இதில் குழப்பமே கிடையாது. வழக்கமான அளவிலிருந்து 19 சதவீதம் வரை கூடினாலும் குறைந்தாலும் அது ‘இயல்பு’. 20 முதல் 59 வரை குறைந்தால் ‘பற்றாக்குறை’. 60-ஐத் தொட்டால் ‘பெரும் பற்றாக்குறை’. 2016 வடகிழக்குப் பருவமழை தமிழகம் முழுமைக்கும் 62 சதவீதம் குறைந்தது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அரசு அறிவித்தது. ஒழுங்கான கணக்குதான், மறுப்பதற்கில்லை. ஆனால் மூன்று மாத மழையை மொத்தமாகக் கூட்டும்போது, ராத்திரியோடு ராத்திரியாகக் கொட்டிக் கடலுக்குப் போன தண்ணீரும் வரவில்தான் ஏறுகிறது.

“மழை பெய்யலன்னு யாரு சொன்னா அண்ணாச்சி? பெஞ்சதப் பிடிச்சு வைக்கத்தான் நாதியில்ல” என்றார் முருங்கைத் தோட்டக்காரர் ஒருவர். இந்த வட்டாரத்தில் முருங்கை அதிகம். வாழையைப் போல அது தண்ணீருக்கு அடம்பிடிக்காது.

மண்ணும் ஒரு காரணம். கடற்கரைப் பக்கம் நகர்ந்தால் தேரி தொடங்கிவிடும், செக்கச்செவேலென்ற மணல். மழை விட்ட கொஞ்ச நேரத்தில் அதில் நடந்தால் காலில் சேறு ஒட்டாது. கையால் ஒரு சாண் தோண்டினால் ஈரம் கறுத்துத் தெரியும். அதற்குள் அது கீழே இறங்கிக்கொண்டிருக்கும். பனைக்கு அது போதும். உடன்குடிக் கருப்பட்டியின் மூலதனமே அந்த ஈரம்தான். மேலப்புதுக்குடி அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில் பக்கம் அது சுனையாகவே வெளியே வருகிறது. ஆனால் ஆழ்குழாய் போட்டு அளவில்லாமல் உறிஞ்சினால், கடலோரத்தில் அந்த இடத்துக்கு உப்புத்தண்ணீர் ஏறிவிடும். திருச்செந்தூர், உடன்குடிப் பக்கம் கிணறுகள் உவர்த்துப்போனது அப்படித்தான்.

ஆற்றுத் தண்ணீரில் சாத்தான்குளம் கடைமடை. தாமிரபரணியின் வெள்ளநீர் சடையநேரிக் கால்வாயில் வந்தால் உண்டு. புத்தன்தருவை, வைரவன்தருவை போன்ற பெரிய குளங்கள் அதற்காகக் காத்துக் கிடக்கின்றன. மேலே இருப்பவர்கள் நிரப்பி முடித்து, மிச்சமிருந்தால் இவர்களுக்கு. ஆற்றோரத்துக்காரர்களுக்கு இதைச் சொன்னால் கோபம் வரும், வரட்டும்.

இந்த முறையை மாற்றத்தான் தாமிரபரணி – கருமேனியாறு – நம்பியாறு இணைப்புத் திட்டம் வந்தது. 2009-இல் 369 கோடி ரூபாய் மதிப்பீட்டில் தொடங்கி, 2025 பிப்ரவரியில் முதலமைச்சர் திறந்துவைத்தபோது செலவு ஆயிரம் கோடியைத் தாண்டியிருந்தது. வெள்ளாங்குளியிலிருந்து எம்.எல். தேரி வரை சுமார் 75 கிலோமீட்டர் கால்வாய். ஊர்க்காரர்கள் பதினாறு வருஷம் பொறுத்தார்கள்.

ஆனாலும் இது வெள்ளநீர்க் கால்வாய். ஆறு நிரம்பி வழிந்தால் மட்டுமே இதில் தண்ணீர் இறங்கும். 2016 மாதிரி ஒரு வருஷம் திரும்ப வந்தால் இது எழுபத்தைந்து கிலோமீட்டருக்கும் காய்ந்துதான் கிடக்கும். 2023 மாதிரி வந்தாலோ, சில நாளுக்குள் வருவதை வாங்கிக்கொள்ள குளங்களுக்குக் கொள்ளளவு வேண்டும். கரையும் மடையும் நிற்க வேண்டும். தூர்வாருவது எந்தத் திறப்பு விழாவிலும் சேர்வதில்லை.

இங்கே பற்றாக்குறை எதற்கு என்று கேட்டால், மழைக்கு என்று எழுத என் கை வரவில்லை. வெள்ளம் வரும் அந்தச் சில நாளில் எந்த மடையை எப்போது திறப்பது, எந்தக் குளத்துக்கு முதல் முறை என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? அடுத்த வாரம் புத்தன்தருவைக் கரையில் அதைக் கேட்போம்.

(தொடரும்)