நிதி கேட்கும் முதற் கடிதம்

நமது கரையோரக் கிராமங்களில் மீனவர் சங்கமோ மாதர் சங்கமோ ஒரு நிறுவனத்திடம் உதவி கேட்க நினைத்தால், "புள்ள, நீ படிக்கிறதானே, ஒரு கடிதம் எழுதித் தா" என்று எம்மைப் போன்ற மாணவிகளிடமே வருகிறார்கள். ஒரு சங்கத்தின் நம்பிக்கை எமது பேனாவில் தங்கியிருக்கிறது. ஆகவே அக்கடிதத்தை எழுதும் முறையை நாம் அறிந்திருக்க வேண்டும்.

முழுமையான கருத்திட்ட முன்மொழிவை அனுப்புவதற்கு முன், "எமது வேலை உங்கள் நோக்கத்துக்குப் பொருந்துமா?" என்று கேட்பதே விசாரணைக் கடிதம். அது ஒரு பக்கம், மிஞ்சினால் இரண்டு பக்கம் இருந்தால் போதும்.

முதல் வேலை, பொருத்தமான நிறுவனத்தைத் தெரிவு செய்வது. எமது மாவட்டத்திலேயே இதற்கு நல்ல உதாரணம் உண்டு. சிலாபத்துக்கு அருகே பம்பலவில் இயங்கும் 'சுதீச' என்ற சிறு மீனவர் அமைப்பு, கலிபோர்னியாவிலுள்ள 'சீகோலொஜி' நிறுவனத்துடன் 2015இல் கைகோத்தது. சீகோலொஜி உலகெங்கும் தீவுகளின் சூழலைப் பாதுகாக்கும் நிறுவனம். இலங்கையோ ஒரு தீவு. பெண்களுக்குப் பயிற்சியும் சிறுகடனும் வழங்குவது, பதிலுக்கு அவர்கள் தம் அயலிலுள்ள கண்டற்காட்டைப் பாதுகாப்பது என்பதே திட்டம். 15,000 பெண்கள் என்பது இலக்காக இருந்தது. யாருக்கு, என்ன, எதற்காக என்பது இரண்டு வசனங்களில் அடங்கிவிடுகிறது. உங்கள் திட்டத்தையும் இப்படிச் சொல்ல முடியாவிட்டால், எழுதுவதற்கு முன் சங்கத்தாருடன் மீண்டும் அமர்ந்து பேசுங்கள்.

கடிதத்தின் முதற் பந்தியிலேயே நாம் யார், எவ்வளவு கேட்கிறோம், எதற்குக் கேட்கிறோம் என்பவை வர வேண்டும். அடுத்து சங்கத்தின் அறிமுகம், பிரச்சினை, செய்யப்போகும் வேலை, எதிர்பார்க்கும் பயன், எமது சொந்தப் பங்களிப்பு என்பவற்றை ஒழுங்காக எழுதலாம்.

பலர் "எங்கள் மக்கள் வறுமையில் வாடுகின்றனர், தயவுகூர்ந்து உதவுங்கள்" என்று எழுதுகின்றனர். தூரத்தில் இருந்து வாசிப்பவருக்கு இதில் எதுவும் தெரியாது. மாறாக, கற்பனையான ஒரு சங்கத்துக்காக இப்படி எழுதிப் பாருங்கள்: "எமது சங்கத்தின் 20 பெண்கள் மணலில் கருவாடு காயவைக்கின்றனர். மழை பெய்தால் அன்றைய மீன் பழுதாகிறது. 20 உலர்த்தும் பரண்கள் அமைக்க 4 இலட்சம் ரூபா தேவை. உழைப்பை நாங்கள் தருவோம். ஆறு மாதத்தில் முடிப்போம்." இதில் கெஞ்சல் இல்லை. அந்தப் பெண்களின் மானமும் காக்கப்படுகிறது.

தொகையைக் கூட்டிச் சொல்லக் கூடாது. கடையில் விலை கேட்டே எழுத வேண்டும். வேறு இடத்தில் உதவி கிடைத்திருந்தால் அதையும் குறிப்பிட வேண்டும். பிறர் தரும் பணம் அமானிதம். அதன் கணக்கு கடிதத்திலேயே ஆரம்பிக்கிறது. சங்கத்தின் பதிவிலக்கம், முகவரி, தலைவரினதும் செயலாளரினதும் கையொப்பம், தொடர்பு கொள்ளக்கூடிய ஒருவரின் தொலைபேசி இலக்கம் ஆகியவற்றையும் சேருங்கள். ஒரு பிரதியைச் சங்கக் கோவையில் வையுங்கள்.

அனுப்புவதற்கு முன் கடிதத்தைச் சங்கத்துப் பெண்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். "இது எங்கட கதைதான்" என்று அவர்கள் சொன்னால் அனுப்பலாம். பெற்றோரே, உங்கள் மகள் இப்படியொரு கடிதம் எழுத அமர்ந்தால், படிப்பு கெடுகிறதென்று நினைக்க வேண்டாம். அவள் கற்ற தமிழும் கணக்கும் ஊருக்குப் பயன்படுவது அங்கேதான்.