214 போட்டோக்கள், ஒரே பெயர்!

டிஜிட்டல் கேமராவில் எடுத்த படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றினால் டிஎஸ்சி0001, டிஎஸ்சி0002 என்று ஏதேதோ பெயர்களில் வந்து உட்காரும். ஒவ்வொன்றாகப் பெயர் மாற்ற ஒரு நாள் போதாது. விண்டோஸில் பேட்ச் ஃபைல் ஒன்று எழுதிவிட்டால் சில நொடிகளில் வேலை முடியும். தனி சாஃப்ட்வேர் எதுவும் வேண்டாம். ஆனால் இதில் ஒரு குழி இருக்கிறது. நான் விழுந்த குழி அது.

2021-ல் அக்காவுக்குத் திருமணம். 214 படங்களையும் திருமணம்1, திருமணம்2 என்று பெயர் மாற்றி டி டிரைவுக்கு அனுப்ப ஒரு பேட்ச் ஃபைல் எழுதினேன். இன்ஜினியரிங் படித்தவன் என்ற தைரியம்! கிளிக் செய்தேன். டி டிரைவைத் திறந்தால், பந்தியில் யாரோ பாயசம் சாப்பிடும் கடைசிப் படம் மட்டும் இருந்தது. பெயர் திருமணம்0. மற்ற 213 படங்கள் ரீசைக்கிள் பின்னில்கூட இல்லை. "ஏண்டா, தாலி கட்டுற போட்டோ எங்கடா?" என்று அக்கா கேட்டபோது என்னிடம் பதில் இல்லை.

நடந்தது இதுதான். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வது லூப். மாறும் மதிப்பை வைத்திருக்கும் டப்பா வேரியபிள். நான் 'என்' என்ற வேரியபிளில் 0 போட்டு, லூப்பின் அடைப்புக்குறிக்குள் அதை ஒவ்வொன்றாகக் கூட்டினேன். எண்ணிக்கை சரியாகவே கூடியது. ஆனால் விண்டோஸ் அடைப்புக்குறிக்குள் இருப்பதை லூப் ஓடும் முன்பே மொத்தமாகப் படித்து, %என்% இருக்கும் இடத்தில் அப்போதைய மதிப்பான 0-வைப் போட்டுவிடுகிறது. 214 பத்திரிகைகளிலும் முதல் விருந்தாளியின் பெயரையே எழுதிவிட்டு வீடு வீடாகக் கிளம்பியது போல! பேட்ச் ஃபைலுக்குள் இருக்கும் மூவ் கட்டளை, பழைய ஃபைல் மேல் புதியதை எழுதலாமா என்று கேட்பதும் இல்லை. ரென் கட்டளையாக இருந்தால் அதே பெயர் ஏற்கெனவே இருக்கிறது என்று மறுத்திருக்கும்.

இதற்கு வழி, ஃபைல் பெயரை ஒரு ஃபங்ஷனுக்கு அனுப்புவது. லூப் ஒவ்வொரு முறையும் ஃபங்ஷனைக் கூப்பிடும்போது அதன் வரிகள் புதிதாகப் படிக்கப்படும். 1, 2, 3 என்று எண் சரியாக விழும்.

முதலில் டி டிரைவில் ஆல்பம் என்ற போல்டரை உருவாக்குங்கள். பிறகு நோட்பேடைத் திறந்து கீழ்க்கண்ட வரிகளை ஆங்கில எழுத்துகளில் டைப் செய்யுங்கள்.

@எக்கோ ஆஃப்
செட் என்=0
ஃபார் %%எஃப் இன் (*.ஜேபிஜி) டூ கால் :நேம் "%%எஃப்"
பாஸ்
கோடூ :இஓஎஃப்
:நேம்
செட் /ஏ என்=என்+1
காப்பி %1 "டி:\ஆல்பம்\திருமணம்%என்%.ஜேபிஜி"

இதில் எஃப், என் இரண்டும் ஒற்றை ஆங்கில எழுத்துகள். எஃப் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு படத்தின் பெயரை ஏந்தி வரும். கால் என்பது அந்தப் பெயரை :நேம் என்ற ஃபங்ஷனிடம் கொடுக்கும். அங்கே அதற்கு %1 என்று பெயர். இரட்டை மேற்கோள் குறிகளை விட்டுவிடாதீர்கள். "அக்கா மேடை 12" என்று இடைவெளி உள்ள பெயர் வந்தால், குறி இல்லாதபோது விண்டோஸ் அதை மூன்று துண்டாக்கி முதல் துண்டை மட்டும் %1 ஆக எடுத்துக்கொள்ளும். கோடூ வரியும் அவசியம். அது இல்லாவிட்டால் லூப் முடிந்த பிறகு ஃபங்ஷன் வெறுங்கையோடு இன்னொரு முறை ஓடும்.

படங்கள் இருக்கும் போல்டரிலேயே .பேட் என்று முடியும் பெயரில் சேமியுங்கள். சேமிக்கும்போது ஆல் ஃபைல்ஸ் என்பதைத் தேர்வு செய்ய மறக்காதீர்கள். இல்லாவிட்டால் நோட்பேட் பின்னால் .டிஎக்ஸ்டி என்று ஒட்டிவிடும்.

முதல் முறை ஓட்டும்போது காப்பிக்கு முன்னால் எக்கோ என்று சேர்த்துக்கொள்ளுங்கள். எதையும் நகலெடுக்காமல், என்ன செய்யப்போகிறது என்பதை மட்டும் திரையில் காட்டும். எண்கள் மாறி மாறி வருகின்றனவா என்று பார்த்துவிட்டு எக்கோவை எடுத்துவிடலாம். இந்த ஒரு நிமிட வேலையைத்தான் நான் அன்று செய்யவில்லை.

கேமராவின் மெமரி கார்டில் அழித்திருந்த படங்களை மீட்கும் சாஃப்ட்வேர் மூலம் பாதிக்கு மேல் திரும்பக் கிடைத்தது. தாலி கட்டும் படமும் அதில் இருந்தது, கொஞ்சம் கலங்கலாக. இப்போதெல்லாம் மூவ் பக்கமே நான் போவதில்லை. காப்பி செய்து, இரண்டு போல்டர்களிலும் எண்ணிக்கை ஒன்றுதானா என்று பார்த்த பிறகே பழையதை அழிக்கிறேன்.