கூலியும் கூரையும்

பொதிகையில் பிறந்து நெல்லைச் சீமை முழுவதையும் வளமாக்கி ஓடிவரும் தாமிரவருணி நதி கடலில் கலக்கும் இடம் புன்னக்காயல். முத்துக்குளித்துறைப் பட்டினங்களுள் பழமையானது. தமிழ் நூல்களை முதன்முதலில் அச்சேற்றிய அண்டிரிக் அடிகளார் பல்லாண்டு வசித்த ஊர். மலைக்கும் இவ்வூருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் 2023-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தை நினைத்துக் கொள்வார்களாக. அம்மாதம் 17, 18 தேதிகளில் மாஞ்சோலை, ஊத்து, நாலுமுக்கு என்னும் மலைத் தோட்டங்களிலும் கீழே சமவெளியிலும் பெருமழை கொட்டிற்று. அவ்வெள்ளம் முழுவதும் இறுதியில் வந்து சூழ்ந்தது புன்னக்காயலைத்தான்.

மலையிலிருந்து நீர் வருவதைக் கடற்கரையார் அறிவர். ஆனால் அந்த மலைமேல் ஏறக்குறைய நூறு வருஷ காலம் வாழ்ந்து, உழைத்து, இன்று வீடிழந்து இறங்கிய ஜனங்களின் வரலாற்றைக் கீழ்நாட்டார் எவ்வளவு தூரம் அறிவர்? அதைச் சிறிது ஆராய்வது நமது கடமையென்று கருதுகிறோம்.

மலைமேல் ஒரு கம்பெனி ஊர்

1929-ஆம் வருஷத்தில் சிங்கம்பட்டி ஜமீன்தார் தமக்குரிய காட்டில் 8,373 ஏக்கர் நிலத்தை, பம்பாய் பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன் என்னும் கம்பெனியாருக்கு 99 வருஷக் குத்தகைக்கு விட்டார். இக்கம்பெனியின் பெயர் சரித்திரம் படித்தவர்களுக்குப் புதியதன்று. பர்மா தேசத்துத் தேக்கு மரங்கள் விஷயமாக இக்கம்பெனிக்கு அந்நாட்டு அரசாங்கம் விதித்த அபராதத்தையே சாக்காக வைத்து, 1885-இல் பிரிட்டிஷார் படையெடுத்தனர். தீபா மன்னர் அரசை இழந்து ரத்தினகிரியில் சிறையிருந்து மாண்டார். ஒரு ராஜ்யத்தின் வீழ்ச்சிக்கே காரணமாயிருந்த அந்தக் கம்பெனியின் கையில் நம் நெல்லைச் சீமையின் மலைச்சிகரம் வந்து சேர்ந்தது.

காடு வெட்டப்பட்டது. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று தோட்டங்கள் எழுந்தன. மரத்தை வீழ்த்தியவர்களும், செடி நட்டவர்களும், அட்டைக்கடியிலும் ஓயாத மழையிலும் கொழுந்து பறித்தவர்களும் யார்? சமவெளியில் சொந்த நிலமின்றி, தீண்டாமைக் கொடுமையினால் நசுக்குண்டு, வேறு கதியின்றி மலையேறிய ஏழைக் குடியானவர்களே அவர்களிற் பெரும்பாலோர். கீழே சாதியின் கொடுமை, மேலே கங்காணியின் அதிகாரம். இவ்விரண்டில் ஒன்றைத் தேர்ந்து கொண்டவர்கள் அவர்கள்.

அவர்கள் குடியிருந்த லயன் வீடுகள் கம்பெனியுடையவை. நோய் வந்தால் செல்லும் மருத்துவமனை கம்பெனியுடையது. நடந்து செல்லும் பாதை கம்பெனியுடையது. தாத்தா நட்ட செடியில் பேத்தி கொழுந்து கிள்ளினாள். எனினும் அவள் பிறந்த வீட்டின் ஒரு செங்கல்கூட அவளுக்குச் சொந்தமில்லை. 1948-ஆம் வருஷத்தில் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. ஜமீன் போயிற்று; குத்தகை போகவில்லை. அரசாங்கம் ஜமீன்தாரின் ஸ்தானத்தில் அமர்ந்தது. கம்பெனி தன் ஸ்தானத்திலேயே இருந்தது.

1951-ஆம் வருஷத்துத் தோட்டத் தொழிலாளர் சட்டம், தொழிலாளருக்கு வீடும் வைத்திய வசதியும் முதலாளி அளிக்க வேண்டுமென்று கட்டளையிட்டது. நல்ல சட்டமே. ஆயினும் அதில் ஒரு சூட்சுமம் உண்டு. வேலையோடு கூடிய வீடு வேலை போனவுடன் போய்விடும். கூலி கொடுப்பவனே கூரைக்கும் உடையவனாயிருக்கும் இடத்தில், உயர்வு கேட்டு நிமிரும் தொழிலாளி தன் மனைவி மக்களின் படுக்கையையும் பணயம் வைத்தே நிமிர வேண்டியிருக்கிறது. கம்பெனி ஊர்களின் துயரம் அனைத்துக்கும் வேர் இதுவே.

அமெரிக்கச் சுரங்கத்து அனுபவம்

இத்தகைய ஊர் நமது நாட்டுக்கு மட்டும் உரியதன்று. குடியரசுக்குப் பேர்போன அமெரிக்காவிலேயே, அப்பலேச்சியன் மலைத்தொடரில், மேற்கு வர்ஜீனியா, கென்டக்கி ராஜ்யங்களில், நிலக்கரிச் சுரங்கக் கம்பெனிகள் நூற்றுக்கணக்கான ஊர்களை இவ்வாறே நடத்தின. வீடு கம்பெனி வீடு. கடை கம்பெனிக் கடை. கூலியிலும் பெரும்பகுதியை அரசாங்க நாணயமாகக் கொடாமல், கம்பெனி அச்சடித்த வில்லைகளாகக் கொடுத்தார்கள். அவ்வில்லை கம்பெனிக் கடையிலன்றி வேறெங்கும் செல்லாது. சங்கத்தில் சேர்ந்தவனுக்கு வேலையும் இல்லை, வீடும் இல்லை.

1920-ஆம் வருஷம் மே மாதம் 19-ஆம் தேதி மேட்வன் என்னும் சிற்றூரில், சங்கத்தில் சேர்ந்த தொழிலாளரின் குடும்பங்களைக் கம்பெனி வீடுகளிலிருந்து கூலிக் காவலர்கள் வெளியேற்றினர். அன்று மூண்ட துப்பாக்கிச் சண்டையில் பத்துப் பேர் மாண்டனர். தொழிலாளர் பக்கம் நின்ற அவ்வூர்ப் போலீஸ் தலைவர் ஹாட்பீல்டு என்பவர், மறு வருஷம் ஆகஸ்டு மாதத்தில் கோர்ட்டு வாசற்படியில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதனால் கொதித்தெழுந்த சுமார் பதினாயிரம் சுரங்கத் தொழிலாளர்கள் பிளேர் மலையில் ஆயுதம் தாங்கிப் போராடினர். ராணுவம் வந்த பின்னரே அது ஓய்ந்தது. சங்கம் வைத்துக் கொள்ளும் உரிமையை அந்நாட்டுச் சட்டம் உறுதியாக ஒப்புக் கொண்டது 1935-ஆம் வருஷத்தில்தான். வாசகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மேட்வனில் துப்பாக்கி வெடித்தது கூலிக் கணக்கை முன்னிட்டன்று. பண்டம் பாத்திரங்கள் தெருவில் வீசப்பட்டதை முன்னிட்டு.

தூத்துக்குடி காட்டிய வழி

இதற்கு மாறான காட்சி ஒன்று நமது ஜில்லாவிலேயே நிகழ்ந்தது. 1908-ஆம் வருஷம் பிப்ரவரி 27-ஆம் தேதி, புன்னக்காயலுக்கு வடக்கே தூத்துக்குடியில் ஹார்வி கம்பெனியாரின் கோரல் ஆலைத் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தனர். ஸ்ரீ வ. உ. சிதம்பரம் பிள்ளையும் ஸ்ரீ சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்கு வழிகாட்டினர். ஒன்பது நாட்களில் கம்பெனியார் இணங்கினர். கூலி உயர்ந்தது, வேலை நேரம் குறைந்தது, ஞாயிற்றுக்கிழமை ஓய்வு கிடைத்தது.

மாபெரும் வெள்ளைக்கார ஆலை ஒன்பதே நாட்களில் பணிந்த ரகசியம் யாது? ஆலைக்கு வெளியே ஓர் ஊர் இருந்தது என்பதே. வியாபாரிகளும் வக்கீல்களும் பணம் திரட்டினர். பொதுஜனங்கள் சோறு போட்டனர். கம்பெனிக்குப் பரிந்து பேசியவருக்கு க்ஷவரம் செய்யவும் ஆள் மறுத்தது. ஆதலின் பட்டினி அவர்களை வெல்லவில்லை. மார்ச் 12-ஆம் தேதி தலைவர்கள் கைது செய்யப்பட்டதும், மறுநாள் திருநெல்வேலியில் ஜனங்கள் பொங்கியெழுந்ததும், துப்பாக்கிப் பிரயோகத்தில் நால்வர் மாண்டதும் தேசம் அறிந்தவை. தங்கள் கூலிக்காகப் போராடிய தலைவர்கள் பொருட்டு அத்தொழிலாளர்கள் மீண்டும் வேலையை நிறுத்தினர் என்பதும் மறக்கத் தக்கதன்று.

மலைமேல் அத்தகைய ஊர் இல்லை. கொண்டை ஊசி வளைவுகளுக்கும் காட்டிலாகாச் சாவடிக்கும் அப்பால், சோறு போட அயலார் எவரும் இல்லை. ஆகவே மாஞ்சோலைத் தொழிலாளர் நியாயம் கேட்கக் கீழே இறங்கி வர வேண்டியிருந்தது.

ஆற்றில் முடிந்த ஊர்வலம்

1999-ஆம் வருஷத்தில் கூலி உயர்வு கேட்டுக் கிளர்ச்சி செய்த 652 தொழிலாளர்கள் சிறையில் அடைக்கப்பட்டனர். அவர்களுள் பெண்களும் இருந்தனர். அவர்களை விடுவிக்கவும் கூலித் தகராறைத் தீர்க்கவும் வேண்டி, ஜூலை 23-ஆம் தேதி திருநெல்வேலியில் கலெக்டர் காரியாலயத்தை நோக்கி ஒரு பெரும் ஊர்வலம் சென்றது. கொக்கிரகுளத்தில் போலீஸார் அதைத் தடுத்தனர். தடியடியும் கண்ணீர்ப்புகையும் நிகழ்ந்தன. ஒரு பக்கம் தடி, மறு பக்கம் ஆறு. ஜனங்கள் ஆற்றில் இறங்கி ஓடினர். பதினேழு உயிர்கள் போயின. அவற்றுள் பெண்களும் ஒரு கைக்குழந்தையும் அடக்கம்.

நீதிபதி மோகன் தலைமையில் அமைந்த விசாரணைக் கமிஷன், பதினொருவர் நீரில் மூழ்கியும் ஏனையோர் காயங்களாலும் இறந்தனர் என்று கண்டது. போலீஸாரின் செய்கையையும் நியாயமென்றது. சட்டத்தின் கணக்கு அவ்வளவில் முடிந்திருக்கலாம். கூலி கேட்கப் போன தாயின் இடுப்பிலிருந்த குழந்தை ஏன் ஆற்றில் மாண்டது என்ற கேள்வி முடியவில்லை. ஒவ்வொரு வருஷமும் அந்நாளில் ஜனங்கள் ஆற்றில் மலர் தூவி அஞ்சலி செய்கின்றனர். அம்மலர்களை ஏந்திக்கொண்டு நதி புன்னக்காயலை நோக்கி ஓடுகிறது.

"விருப்ப" ஓய்வு

குத்தகை 2028-இல் முடிவதாயிருந்தது. அதற்கு முன்னரே, 2024-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில், கம்பெனியார் வேலையை நிறுத்தினர். தொழிலாளர்கள் விருப்ப ஓய்வுப் பத்திரத்தில் கையெழுத்திட்டனர். வேறு வேலையுமில்லாத, வேறு வீடுமில்லாத மலையில், கையெழுத்திட மறுப்பதற்கு என்ன வழி இருந்தது? விருப்பம் என்ற சொல் இவ்வளவு விபரீதமான பொருளில் வழங்கியது அரிது. வீடுகளைக் காலி செய்ய நாள் குறிக்கப்பட்டது. ஹைகோர்ட்டு முதலில் அவ்வெளியேற்றத்தைத் தடுத்து வைத்தது. தோட்டங்களை அரசாங்கத் தேயிலைக் கழகமே ஏற்று நடத்த வேண்டும் என்ற பிரார்த்தனையை, அதே ஆண்டு டிசம்பர் 3-ஆம் தேதி நிராகரித்தது. காடு காடாகவே திரும்ப வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம்.

காட்டின் உரிமையை நாம் மறுக்கவில்லை. அம்மலை களக்காடு–முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது. தாமிரவருணிக்கு நீரூட்டும் காடு செழிக்காவிடில், சமவெளி வயலுமில்லை, புன்னக்காயலில் நதிமுகமுமில்லை. ஆனால் காட்டை அழிக்கக் கட்டளையிட்டவர் யார்? குத்தகை எழுதியவரும், வாங்கியவரும், அதை நீடிக்க விட்டவருமே. கூடை சுமந்தவள் அன்று. லாபத்தில் பங்கில்லாதவளுக்குப் பிராயச்சித்தத்தில் மட்டும் முழுப் பங்கு என்பது எந்த தர்மம்?

இறங்கிவந்தோருக்கு வீடும் உதவிப்பணமும் அளிப்பதாக அரசாங்கம் சொல்லிற்று. அதைத் தயாள குணமாகக் கருதுவது தவறு, அது கடன். நான்கு சுவர் மட்டும் போதாது. அவ்வீடு அவர்கள் பெயரில் பத்திரமாக வேண்டும். கொழுந்து பறிப்பதையன்றி வேறு தொழில் கற்காதவர்களுக்கு ஜீவனத்துக்கு நிலமோ நிரந்தர வேலையோ வேண்டும். எந்தச் சாதிக் கொடுமைக்கு அஞ்சி முன்னோர் மலையேறினார்களோ, அதே கொடுமையின் வாயில் பேரப் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடலாகாது. ஊருக்குள்ளே, ஊராரோடு சமமாக அவர்கள் குடியேற வேண்டும். தொழில் எதுவாயினும், இனி இந்நாட்டில் எந்த முதலாளியின் கையிலும் கூலியும் கூரையும் ஒன்றாக இருக்கும்படி விடக்கூடாது.

1908-இல் தூத்துக்குடித் தொழிலாளருக்கு ஓர் ஊர் துணை நின்றது. மாஞ்சோலை மக்களுக்கு ஊரே இல்லாதிருந்தது. இப்போது அவர்கள் நம்மிடை வந்துவிட்டார்கள். அவர்களுக்கு ஊராக இருக்க வேண்டிய பொறுப்பு, அம்மலை நீரைக் குடித்து வாழும் பாபநாசம் முதல் புன்னக்காயல் வரையுள்ள அனைவரையும் சார்ந்தது.