தனித்திருக்கும் வீடும் தாழிட்ட கதவும்



இரவு மணி 2. பிள்ளைகள் அயர்ந்து உறங்குகின்றனர். கொல்லைப்புறத்தில் ஏதோ ஓசை. பூனை குதித்ததா, தகரம் அசைந்ததா, மனிதக் காலடியா? தெரியவில்லை. நடுங்கும் கைகளால் தொலைபேசியை எடுத்துக் கணவரை அழைக்கிறீர்கள். அப்போது ரியாத்தில் இரவு மணி 11.30, துபாயில் 12.30. அவர் உடனே எடுத்துவிடுவார். உங்கள் குரலின் பதற்றத்தையும் புரிந்துகொள்வார். ஆனால் அவரால் கேட்க முடியும்; வர முடியாது.

கீழக்கரை, காயல்பட்டினம், அதிராம்பட்டினம், கூத்தாநல்லூர் என்று எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும், சபர் சென்ற ஆண்களின் இல்லங்களில் இந்த இரவு புதிதன்று. கணவரை இழந்தவர், தலாக் பெற்றவர், பிள்ளைகளை அயல்நாட்டுக்கு அனுப்பிவிட்டுத் தனித்திருக்கும் முதிய தாய், பணியின் பொருட்டுப் பெருநகரில் அறையெடுத்துத் தங்கியிருக்கும் இளம்பெண் ஆகியோருக்கும் இதே அச்சம் உண்டு. அந்த அச்சத்தை வெளியில் சொன்னால், "அல்லாஹ்வின் மீது நம்பிக்கை இல்லையா?" என்று கேட்போரும் நம்மிடையே உள்ளனர்.

அச்சம் ஈமானின் குறையன்று

அண்ணல் நபி (ஸல்) அவர்களின் காலத்தில் ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) என்னும் பெண்மணி தலாக் சொல்லப்பட்டு இத்தாவில் இருந்தார். அவர் நபியவர்களிடம் சென்று, தம் வீட்டினுள் எவரேனும் அத்துமீறிப் புகுந்துவிடுவாரோ என்று தாம் அஞ்சுவதாக முறையிட்டார். நபியவர்கள் அவரை இடம் மாறிக்கொள்ளுமாறு பணித்தார்கள் என்று முஸ்லிம் நூலில் பதிவாகியுள்ளது. அவர் ஆளரவமற்ற இடத்தில் இருந்தார், அவரது பாதுகாப்பைக் கருதியே அந்த அனுமதி வழங்கப்பட்டது என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் விளக்கியதை புகாரி நூலில் காண்கிறோம்.

சிந்தித்துப் பாருங்கள். வீட்டிலேயே தங்கியிருக்க வேண்டிய இத்தாக் காலத்திலும், தனித்திருந்த ஒரு பெண்ணின் அச்சம் செவிமடுக்கப்பட்டது. தக்க காரணமாக ஏற்கப்பட்டது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவன்மீது பொறுப்புச் சாட்டும்படி நபியவர்கள் அறிவுறுத்தியதைத் திர்மிதி நூல் தெரிவிக்கிறது. ஆகவே கதவைத் தாழிடுவது தவக்குலுக்கு முரணானதன்று. தவக்குலின் முதற்படியே அதுதான்.

திறவாதிருக்கும் உரிமை

நம் பெண்களிடம் ஒரு பழக்கம் வேரூன்றியிருக்கிறது. யாரேனும் கதவைத் தட்டினால் திறந்துவிட வேண்டும். திறக்காவிட்டால் மரியாதைக் குறைவு. வந்தவர் என்ன நினைப்பார் என்ற தயக்கம். கள்வனுக்கும் வஞ்சகனுக்கும் இந்தத் தயக்கமே திறவுகோலாகி விடுகிறது.

மார்க்கம் என்ன கூறுகிறது? பிறர் வீட்டினுள் அனுமதி பெறாமலும் ஸலாம் உரைக்காமலும் நுழையலாகாது என்று அந்நூர் அத்தியாயத்தின் 27ஆம் வசனம் கட்டளையிடுகிறது. "திரும்பிச் செல்லுங்கள்" என்று சொல்லப்பட்டால் திரும்பிவிட வேண்டும், அதுவே தூய்மையானது என்று 28ஆம் வசனம் போதிக்கிறது. மும்முறை அனுமதி கேட்டும் கிடைக்காவிடில் திரும்பிவிட வேண்டும் என்பது நபிமொழி. ஜாபிர் (ரலி) அவர்கள் ஒருமுறை நபியவர்களின் கதவைத் தட்டியபோது, "யார்?" என்ற வினாவுக்கு "நான்" என்று மட்டும் விடையளித்தார்கள். பெயர் சொல்லாத அந்த விடையை நபியவர்கள் விரும்பவில்லை.

ஆகவே சகோதரியே, உள்ளிருந்தபடியே "யார், என்ன காரியம்?" என்று வினவுவது உங்கள் உரிமை. "இப்போது இயலாது, பிறகு வாருங்கள்" என்பதும் உங்கள் உரிமையே. திரும்பிச் செல்ல வேண்டியது வந்தவரின் கடமை. திருமறை வழங்கிய இந்த உரிமையை முகத்தாட்சண்யத்துக்காக விட்டுக்கொடுத்துவிடாதீர்கள்.

கதவைச் சற்றே கவனியுங்கள்

இரவில் இறைவன் பெயர் கூறிக் கதவுகளை அடையுங்கள், பாத்திரங்களை மூடுங்கள், விளக்குகளை அணையுங்கள் என்னும் கருத்திலமைந்த நபிமொழி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உண்டு. அதை நிறைவேற்ற, அடைக்கும் கதவு உறுதியாக இருக்க வேண்டுமன்றோ?

தலைவாசலுக்குத் தேக்குக் கதவு போடுகிறோம். கொல்லைக் கதவுக்கு மெல்லிய பலகையோ தகரமோ போதுமென்று விட்டுவிடுகிறோம். கள்வன் தலைவாசலைத் தேடி வருவதில்லை. கொல்லைக் கதவு, மொட்டைமாடிக் கதவு, குளியலறைச் சன்னல் ஆகியவற்றையே அவன் முதலில் பார்க்கிறான். இம்மூன்றையும் இன்றே ஒருமுறை சோதித்துப் பாருங்கள்.

கதவின் மேலும் கீழும் தாழ்ப்பாள் இருக்கட்டும். பூட்டு எவ்வளவு விலையுயர்ந்ததாயினும், அதைத் தாங்கும் நாதாங்கி சிறு திருகாணிகளில் நின்றால் பயனில்லை. நீண்ட திருகாணிகளால் நிலையோடு சேர்த்து இறுக்கச் சொல்லுங்கள். வெளிப்புறமாகத் திறக்கும் கதவில் கீல் வெளியே தெரியும். அதன் ஊசியைத் தட்டியெடுத்தால் பூட்டைத் தொடாமலே கதவைக் கழற்றிவிடலாம். தச்சரை அழைத்து அதைச் சரிசெய்யுங்கள். வாசலுக்கு முன்னால் ஒரு கம்பிக் கதவு இருந்தால், உள்கதவைத் திறந்து பேசும்போதும் இடையே ஓர் அரண் இருக்கும். வந்தவரைக் காணக் கதவில் கண்ணாடித் துளை பொருத்துவதற்கு அதிகச் செலவாகாது.

சாவியைச் சன்னலுக்கருகே ஆணியில் மாட்டாதீர்கள். நீண்ட குச்சியே அதை எடுக்கப் போதுமானது. பூந்தொட்டிக்கு அடியிலும் மின்மானிப் பெட்டியின் மேலும் சாவி வைப்பதைக் கள்வர் அனைவரும் அறிவர். வாடகை வீட்டுக்குக் குடிபெயர்ந்தால் முதல் வேலையாகப் பூட்டை மாற்றுங்கள். முன்பிருந்தவர் எத்தனை மாற்றுச் சாவி செய்தார் என்பதை யார் அறிவார்? கொல்லை விளக்கின் சுவிட்ச் வீட்டுக்குள் இருக்கட்டும். ஓசை கேட்டால் கதவைத் திறந்து பார்க்காமல் விளக்கைப் போட்டுப் பாருங்கள்.

கணவர் அனுப்பியதாக ஒருவர்

பகலில் வருபவனே இரவுக் கள்வனினும் ஆபத்தானவன். "உங்கள் வீட்டுக்காரர் சவூதியிலிருந்து சாமான் கொடுத்தனுப்பியிருக்கிறார்" என்று கணவரின் பெயரையும் ஊரையும் சரியாகச் சொல்லி ஒருவர் வரலாம். பெயரறிவது இந்நாளில் அரிதன்று. கணவரிடம் முன்னரே பேசி, உங்கள் இருவருக்கு மட்டும் தெரிந்த ஓர் அடையாளச் சொல்லை வைத்துக்கொள்ளுங்கள். அவர் உண்மையாகவே அனுப்பியவராயின் அச்சொல்லைக் கூறுவார். கூறாவிடில், பொருளை அண்டை வீட்டிலோ உறவினர் கடையிலோ கொடுத்துச் செல்லுமாறு சொல்லுங்கள்.

நகைக்கு மெருகேற்றித் தருவதாக வருவோரை ஒருபோதும் நம்பாதீர்கள். அவர்கள் நகையை முக்கியெடுக்கும் அமிலக் கரைசலிலேயே தங்கம் கரைந்து தங்கிவிடும். நகை பளபளக்கும், எடை குறைந்திருக்கும். அன்றாடம் அணியாத நகைகளை வங்கிப் பெட்டகத்தில் வைப்பதே நன்று.

குழாய் பழுதுபார்ப்பவர், மின்பணியாளர் போன்றோரை அழைக்கும் நாளில் பக்கத்து வீட்டு ராத்தாவையோ மாமியையோ உடன் இருத்திக்கொள்ளுங்கள். காவல்துறையினர் என்று கூறி இரவில் எவரேனும் வந்தாலும் பதற வேண்டாம். 112 என்ற எண்ணை அழைத்து உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். அசாதாரணச் சூழல் தவிர, சூரியன் மறைந்தபின் உதயத்துக்கு முன் ஒரு பெண்ணைக் கைது செய்யலாகாது. அத்தகைய சூழலிலும் பெண் காவல் அதிகாரி நீதித்துறை நடுவரின் முன்அனுமதி பெற வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 43ஆம் பிரிவு இதைக் கூறுகிறது.

தொலைபேசியும் ஒரு வாசலே. கணவர் ஊரில் இல்லை என்பதையும், குடும்பத்தோடு வெளியூர் செல்வதையும் வாட்ஸ்அப் நிலைத்தகவலில் அறிவிக்காதீர்கள். வீடியோ அழைப்பில் சீருடையோடு தோன்றி, "உங்களை டிஜிட்டல் கைது செய்துள்ளோம்" என்று மிரட்டுபவன் ஏமாற்றுக்காரன். அப்படியொரு கைது நம் நாட்டுச் சட்டத்தில் இல்லை. பணம் பறிபோய்விட்டால் தாமதியாது 1930 என்ற எண்ணில் முறையிடுங்கள்.

அறிந்தவரே ஆபத்தானால்?

சொல்லத் தயங்கும் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். தீங்கு எப்போதும் அந்நியனிடமிருந்தே வருவதில்லை. கணவரின் சகோதரர் முதலிய உறவினர் தனித்திருக்கும் பெண்ணிடம் செல்வதைப் பற்றி வினவப்பட்டபோது, அத்தகைய உறவினரை மரணத்துக்கு ஒப்பிட்டு நபியவர்கள் எச்சரித்தார்கள். உறவின் பெயரால் தடையின்றி உள்ளே வர இயலும் என்பதாலன்றோ அவ்வளவு கடுமையான எச்சரிக்கை?

எனவே கொழுந்தனோ, கணவரின் நண்பரோ, பண உதவி செய்த உறவினரோ, எவராயினும் அவர் வரவு உங்களுக்கு நெருடலாக இருந்தால் அந்த உணர்வைப் புறந்தள்ளாதீர்கள். உங்கள் உம்மாவிடமோ நம்பிக்கைக்குரிய ஒரு பெண்ணிடமோ உடனே சொல்லுங்கள். கணவரிடமும் மறைக்காதீர்கள். குடும்பம் செவிசாய்க்காவிட்டால், பெண்களுக்கான 181 உதவி எண் இரவு பகலாக இயங்குகிறது. பொறுத்துப்போவது பண்பாகலாம், தீமையைப் பொறுத்துப்போவது பண்பாகாது.

உள்ளே புகுந்துவிட்டால்

அல்லாஹ் காப்பாற்றுவானாக! அப்படி நேர்ந்தால் நகையைக் காக்க முனையாதீர்கள், உயிரைக் காத்துக்கொள்ளுங்கள். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் ஷரீஅத் பாதுகாக்கும் ஐந்து நோக்கங்களை வரிசைப்படுத்தும்போது உயிரை இரண்டாவதாகவும், பொருளை இறுதியாகவும் வைத்தார்கள்.

உட்புறம் உறுதியான தாழ்ப்பாளுள்ள ஓர் அறையைத் தேர்ந்து, இரவில் பிள்ளைகளோடு அதிலேயே உறங்குங்கள். மின்னேற்றிய தொலைபேசியும், ஒரு டார்ச் விளக்கும், ஓர் ஊதலும் தலைமாட்டில் இருக்கட்டும். ஓசை கேட்டால் அறையைத் தாழிட்டு 112ஐ அழையுங்கள். முதலில் முகவரியைச் சொல்லுங்கள். பிறகு நிகழ்வைச் சொல்லுங்கள். பேச்சு இடையில் அறுந்தாலும் முகவரி போய்ச் சேர்ந்திருக்கும். அடுத்து ஊதலை ஊதுங்கள், கூச்சலிடுங்கள். வேறு வழியின்றித் தாக்க நேர்ந்தால், தற்காப்புரிமையைச் சட்டம் உங்களுக்கு வழங்கியிருக்கிறது என்பதையும் அறிந்திருங்கள்.

மஹல்லாவுக்கு ஒரு வார்த்தை

ஊதல் ஒலித்தால் கேட்க ஆள் வேண்டும். நம் முன்னோர் ஊர்களை அமைத்த விதத்திலேயே இதற்கு விடையிருந்தது. மகளுக்கும் சகோதரிக்கும் அடுத்தடுத்து வீடு கட்டினர். காயல்பட்டினத்தில் பெண்கள் நடந்து செல்வதற்கென்றே முடுக்குகள் அமைந்தன. ஒரு வீட்டில் குரலெழுந்தால் பக்கத்து வீடுகளிலும் விளக்கெரிந்தது. இன்று ஊருக்கு வெளியே புதுமனைகளில், நான்கு பக்கமும் காலிமனை சூழ்ந்த வீட்டில் மனைவியையும் மக்களையும் குடியமர்த்திவிட்டு விமானம் ஏறுகிறோம். வீடு பெரிதாயிற்று, அண்டை அற்றுப்போயிற்று.

எவருடைய தீங்கிலிருந்து அண்டைவீட்டார் அச்சமற்றிருக்கவில்லையோ அவர் இறைநம்பிக்கையாளர் அல்லர் என்னும் பொருளில் நபியவர்கள் எச்சரித்தார்கள். விதவைக்காகப் பாடுபடுபவர் இறைவழியில் போராடுபவரைப் போன்றவர் என்றும் அறிவித்தார்கள். எனவே ஜமாஅத் நிர்வாகிகளே, உங்கள் மஹல்லாவில் தனித்திருக்கும் பெண்கள் எத்தனை பேர் என்று உங்களுக்குத் தெரியுமா? இரவில் அழைத்தால் தம் மனைவியோடு உடனே வரக்கூடிய இருவரின் எண்கள் ஒவ்வொரு தெருவிலும் அவர்களிடம் இருக்கின்றனவா? எரியாத தெருவிளக்குக்கு மனு கொடுத்தீர்களா?

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். காவல் என்ற பெயரில் அவள் வீட்டுக்கு யார் வந்தார், எப்போது போனார் என்று கணக்கெடுக்காதீர்கள். ஊர் வாய்க்கு அஞ்சியே எத்தனையோ பெண்கள் ஆபத்தில் குரலெழுப்பாமல் இருந்துவிடுகிறார்கள். கற்புடைய பெண்ணின் மீது பழி சுமத்துவோருக்குத் திருமறை 80 கசையடி விதித்திருப்பதை மறந்துவிடாதீர்கள்.

இறுதியாக, சகோதரியே! ரமளான் ஸகாத் தானியத்துக்குக் காவலிருந்த அபூஹுரைரா (ரலி) அவர்களிடம் மூன்று இரவுகள் திருடன் ஒருவன் வந்தான். மூன்றாம் இரவில், உறங்கப் போகுமுன் ஆயத்துல் குர்ஸி ஓதினால் விடியும்வரை இறைவனின் காவல் உண்டு என்பதை அவனே சொல்லிச் சென்றான். அவன் பொய்யனாயினும் இதில் உண்மை சொன்னான் என்றும், வந்தவன் ஷைத்தான் என்றும் நபியவர்கள் தெளிவுபடுத்தினார்கள். அந்த வரலாற்றில் நாம் கவனிக்கத் தவறும் ஒன்றுண்டு: மூன்று இரவிலும் அபூஹுரைரா (ரலி) அவர்கள் விழித்திருந்தார்கள், திருடனைக் கையும் களவுமாகப் பிடித்தார்கள்.

இன்றிரவு கொல்லைக் கதவின் தாழ்ப்பாளை ஒருமுறை இழுத்துப் பாருங்கள். பிறகு ஆயத்துல் குர்ஸியை ஓதிக்கொண்டு நிம்மதியாகக் கண்ணயருங்கள். காப்பவன் அல்லாஹ் ஒருவனே!